ராமநாதபுரம் கடலோரத்தில் டிவி பார்த்த காலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழக்கரையில் வளர்ந்தவன் நான். எண்பதுகளில் எங்கள் கடலோரத்தில் டிவி பார்த்த கதையை யாராவது தொடங்கினால் இளையவர்கள் நம்புவதில்லை. “அதெப்படி சிலோன் டிவி உங்க வீட்டுல வந்துச்சு?” என்று கேட்கிறார்கள். சென்னையிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கும் அதே சந்தேகம். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

சென்னை டிவி வருவதற்கு முன்பே இலங்கை டிவி பார்த்தீர்களா?

ஆமாம், நிறைய வீடுகளில் அப்படித்தான். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் கீழக்கரையிலிருந்து சென்னை நேர்கோட்டிலேயே 400 கிலோமீட்டருக்கு மேல். அந்த அலை இங்கே வந்து சேர வழியே இல்லை. இலங்கையில் 1979 ஏப்ரல் 13 அன்று ஐ.டி.என். என்ற தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பான் அரசின் உதவியோடு ரூபவாகினி என்ற அரசுத் தொலைக்காட்சி வந்தது. நம் மாநிலத் தலைநகரத்தின் படம் எட்டாத ஊரில், பக்கத்து நாட்டின் படம் வீட்டுக்குள் வந்தது.

இது எங்களுக்கு அதிசயமாகப் படவில்லை. அதற்கு முன்பே ஒரு தலைமுறை இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் ஊறிப்போயிருந்தது. கே.எஸ். ராஜாவின் குரலும் பி.எச். அப்துல் ஹமீதின் குரலும் எங்கள் டீக்கடைகளில் தினமும் கேட்ட குரல்கள். காதால் கேட்டுப் பழகிய கரையைக் கண்ணாலும் பார்க்க ஆரம்பித்தோம், அவ்வளவுதான்.

கடலைத் தாண்டி அலை எப்படி வந்தது?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமி வளைந்திருப்பதால் ஒரு தூரத்துக்கு மேல் அது தரையை விட்டு மேலே போய்விடும். அதனால்தான் ஒளிபரப்புக் கோபுரத்தை மலை உச்சியில் வைக்கிறார்கள். இலங்கையின் மிக உயரமான மலை பிதுருதலாகலை, 2,524 மீட்டர். ரூபவாகினியின் முக்கியமான ஒளிபரப்பு நிலையம் அங்கே இருந்தது. அந்த உயரத்திலிருந்து புறப்படும் அலை சாதாரணமாக 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரை எட்டும். ராமேஸ்வரம் அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர். கணக்குப்படி வரக்கூடாது.

ஆனாலும் வந்தது. காரணம் கடல். சூடான கடலுக்கு மேலே ஈரக்காற்று ஒரு படலமாகத் தங்கும், அதற்கு மேலே காய்ந்த காற்று நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் போகும் அலை மேலே தப்பிப் போகாமல் மடங்கி மடங்கிக் கடல்மட்டத்தை ஒட்டியே வரும். குழாய்க்குள் தண்ணீர் ஓடுவது போல. காற்று ஓய்ந்த ராத்திரிகளில் இது நன்றாக நடக்கும். மாசி, பங்குனியில் கடல் பாய் விரித்தாற்போல் கிடக்கும் நாட்களில் படம் கண்ணாடி மாதிரி தெரியும். கச்சான் (தென்மேற்குக் காற்று) சாடுகிற நாட்களில் காற்றுப் படலங்கள் கலைந்துவிடும், திரை முழுக்கப் புள்ளி பறக்கும். கடல் நிலவரம் தெரிந்தவர்கள் அன்றைக்கு டிவி எடுக்குமா எடுக்காதா என்று சாயங்காலமே சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு கோபுரமும் இருந்தது. இலங்கையின் வடக்கே வன்னியில், மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவே கொக்காவிலில். ராமேஸ்வரத்திலிருந்து அது சுமார் 120 கிலோமீட்டர்தான். பின்னால் தூர்தர்ஷன் கொடைக்கானல் மலையில் நிலையம் அமைத்தபோது, அது ராமேஸ்வரத்துக்கு 225 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. கீழக்கரையை வரைபடத்தில் அளந்து பாருங்கள்: கொடைக்கானலும் சுமார் 180, கொக்காவிலும் சுமார் 180. இரண்டு நாட்டுக் கோபுரங்களுக்கு நட்டநடுவில் எங்கள் ஊர்.

ஒரே டிவியில் இரண்டு நாட்டு ஒளிபரப்பும் தெரியுமா?

தெரியும். கலர் ஒளிபரப்புக்கு இரண்டு நாடுகளும் பால் (PAL) என்ற ஒரே முறையைத்தான் எடுத்துக்கொண்டன. அதனால் பெட்டியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, குமிழைத் திருகினால் போதும். மாற்ற வேண்டியது ஆண்டெனாவைத்தான்.

ஆண்டெனாவைத் திருப்பிய கதையைச் சொல்லுங்கள்.

மொட்டைமாடியில் நீளமான இரும்புக் குழாய், அதன் உச்சியில் அலுமினியக் கம்பிகள் அடுக்கிய ஆண்டெனா. அதிலிருந்து பட்டை வயர் ஒன்று சன்னல் வழியாக இறங்கி டிவியின் முதுகுக்குப் போகும். வசதி உள்ளவர்கள் நடுவில் பூஸ்டர் வைத்தார்கள். கொடைக்கானல் வேண்டுமானால் வடமேற்கே திருப்ப வேண்டும், இலங்கை வேண்டுமானால் கிழக்கே. ஒரே குழாயில் இரண்டு ஆண்டெனா கட்டி வயரை மாற்றிச் சொருகியவர்களும் உண்டு. எங்களைப் போன்ற வீடுகளில் ஒன்றுதான்.

குழாயைத் திருப்ப ஓர் ஆள் மாடியில், வாசலில் ஓர் ஆள், டிவி முன்னால் ஓர் ஆள். “காக்கா, இன்னும் கொஞ்சம் கிழக்க!” என்று கீழேயிருந்து சத்தம் போகும் (அண்ணனை எங்கள் தெருவில் காக்கா என்போம்). “இப்ப?” என்று மேலேயிருந்து கேட்கும். “போச்சு போச்சு, பழையபடி வைங்க!” என்று உள்ளேயிருந்து உம்மா (அம்மா) கத்துவார்கள். படம் தெளிந்தால் சத்தம் போய்விடும், சத்தம் வந்தால் படம் உருளும். சரியான இடம் அகப்பட்டதும் குழாயிலும் கைப்பிடிச்சுவரிலும் சுண்ணாம்பால் கோடு போட்டு வைப்போம். அடுத்த நாள் அந்தக் கோட்டுக்குக் கோடு சேர்த்தால் வேலை பாதி முடிந்தது. எங்கள் தெருவில் பல மாடிகளில் இப்படி இரண்டு கோடுகள் இருந்தன.

ஒரு மாலைப் பொழுதில் என்னென்ன பார்ப்பீர்கள்?

கொடைக்கானல் வழியாகச் சென்னை நிகழ்ச்சிகள் வரத் தொடங்கிய பிறகான ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன். அதுதான் வாரத்திலேயே நிறைந்த நாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஆண்டெனா கிழக்கே பார்த்திருக்கும். ரூபவாகினியில் பிள்ளைகளுக்கான கார்ட்டூன் ஓடும். டைட்டஸ் தொட்டவத்த என்ற கலைஞர் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுக்கும் வேலையை முன்னின்று நடத்தினார். விலங்குகளோடு பேசும் மருத்துவர் கதையை ‘தொஸ்தர ஹொந்த ஹித’ என்ற பெயரில் சிங்களத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். ஒரு சொல் தெரியாமலே அதைப் பார்த்து உருண்டு சிரித்த பிள்ளைகள் எங்கள் கரையில் எத்தனையோ பேர்.

மஃரிப் பாங்கு (மாலைத் தொழுகைக்கான அழைப்பு) சொன்னதும் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். தொழுதுவிட்டு வந்தால் ரூபவாகினியின் தமிழ்ச் செய்தி. அதைப் பெரியவர்கள் விடவே மாட்டார்கள். அப்புறம் மாடிக்கு ஓட்டம், ஆண்டெனா வடமேற்கே திரும்பும். ‘ஒளியும் ஒலியும்’ வந்துவிடும். அந்த நேரத்தில் கீழக்கரைத் தெருவில் நடந்து போனால் ஒரு பாட்டையும் விடாமல் கேட்டுக்கொண்டே போகலாம், எல்லாச் சன்னலிலும் அதுதான் ஒலிக்கும். பழைய பாட்டு ஒன்று, புதுப் பாட்டு ஒன்று என்று கலந்து வரும். கடைசியில் எந்தப் படப் பாட்டு வரும் என்று பந்தயம் கட்டுவோம்.

எட்டரை மணி வாக்கில் தூர்தர்ஷன் தில்லிக்குப் போய்விடும். இந்தி தெரிந்தவர் எங்கள் தெருவில் யாரும் இல்லை. ஆண்டெனா மறுபடியும் கிழக்கே. ரூபவாகினியில் ஆங்கிலத் தொடர் ஏதாவது இருக்கும். ‘நைட் ரைடர்’ தொடரின் பேசும் கார் எங்கள் வயதுப் பையன்களுக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தது. இடையில் வரும் விளம்பரங்களையும் விட மாட்டோம். நம் கடைகளில் கிடைக்காத பிஸ்கட்டும் சோப்பும் அதில் வரும்.

மற்ற நாட்கள் இவ்வளவு நிறைவாக இருக்காது. ‘வயலும் வாழ்வும்’ எங்கள் வீட்டில் நெல் விளையாவிட்டாலும் ஓடும். புதன்கிழமை ‘சித்ரஹார்’, பாட்டு என்பதால் இந்தியானாலும் பரவாயில்லை. ஞாயிறு சாயங்காலம் தமிழ்ப் படம். வரப்போகிற வாரத்தில் என்னென்ன உண்டு என்று சொல்லும் ‘முன்னோட்டம்’ நிகழ்ச்சியைக் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து பார்த்த வீடுகள் உண்டு. ஷோபனா ரவி செய்தி வாசிக்கும் விதத்தைப் பார்த்துத் தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். படம் நின்றுபோனால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்ற அட்டை வரும். அப்போதும் யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

சிங்களம் புரிந்ததா?

பெரும்பாலானோருக்குப் புரியவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள், அங்கே வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். பக்கத்து வீட்டு அப்பா ஒருவர் (பாட்டனாரை எங்கள் தெருவில் அப்பா என்போம்) சிங்கள நாடகத்தைப் பார்த்துக்கொண்டே வசனத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். நாடகம் சோகமாகப் போனால் சொல்வதை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தெருவையெல்லாம் நடந்து பார்த்தவர் அவர்.

எல்லோர் வீட்டிலும் டிவி இருந்ததா?

இல்லை. தொடக்கத்தில் தெருவுக்கு ஒன்றோ இரண்டோதான். மற்ற ஊர்களில் பஞ்சாயத்து டிவி, அதன் முன்னால் மணலில் உட்கார்ந்து பார்ப்பது. சாலிடேர், டயனோரா போன்ற சென்னைப் பெட்டிகள்தான் அதிகம். மரப்பெட்டிக்கு இழுத்து மூடும் கதவு இருக்கும், அதற்குப் பூட்டும் இருக்கும். கறுப்பு வெள்ளைத் திரைக்கு முன்னால் நீலக் கண்ணாடி மாட்டிக் கலர் என்று சொல்லிக்கொண்டதும் உண்டு.

ராமேஸ்வரம் தீவுக்காரர்களுக்கு இன்னொரு சிரமம். பாம்பன் சாலைப்பாலம் 1988 அக்டோபர் 2 அன்றுதான் திறக்கப்பட்டது. அதுவரை டிவிப்பெட்டியும் ரயிலில்தான் தீவுக்குப் போக வேண்டும். மதுரையில் வாங்கிய பெட்டியை மடியில் வைக்காத குறையாகக் காத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். படக்குழாய் உடைந்தால் அவ்வளவு பணமும் போனது போலத்தான்.

கடலுக்குப் போகிறவர்கள் எப்போது பார்த்தார்கள்?

ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாட்கள் கடலுக்குப் போவதும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்பதும் நெடுநாள் முறை. அதனால் விசைப்படகுக்காரர்களுக்கு வெள்ளி ராத்திரி கரையில் கிடைக்கும், புதன் ராத்திரி கிடைக்காது. பாட்டுப் பிரியர்களுக்கு இது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். கரண்ட் இல்லாத குடிசைகளில் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் சின்ன டிவி ஓடியது. பேட்டரி சார்ஜ் இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே வரும். கிளைமாக்ஸ் வரை தாங்குமா என்ற கவலையோடு பார்ப்பார்கள்.

1983-க்குப் பிறகு இலங்கைச் செய்தியைப் பார்ப்பது எப்படி இருந்தது?

இதைப் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகு படகாக ஆட்கள் ராமேஸ்வரம் கரையில் வந்து இறங்கினார்கள். மண்டபம் அகதிகள் முகாம் நிறைந்தது. அவர்களில் பலருக்கு, விட்டுவிட்டு வந்த ஊர் அங்கே திரையில் தெரிகிற நாட்டில்தான் இருந்தது. டிவி இருக்கிற வீட்டு வாசலில் செய்தி நேரத்தில் வந்து நிற்பார்கள். உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் சிலர் வாசற்படியைத் தாண்ட மாட்டார்கள். ஊர்ப் பெயர் ஒன்று வாசிக்கப்பட்டால் போதும், யாராவது ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்.

ரூபவாகினி அரசாங்க நிலையம். அது சொன்னது அரசாங்கத்தின் பக்கம். அதனால் யாரும் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. இரவு ஒன்பதே காலுக்கு ரேடியோவில் பி.பி.சி. தமிழோசை கேட்பார்கள். மணிலாவிலிருந்து வரும் வெரித்தாஸ் தமிழ்ப்பணியும் கேட்பார்கள். தூர்தர்ஷன் சொன்னதையும் சேர்த்து நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது நடந்திருக்கும் என்று பெரியவர்கள் திண்ணையில் பேசுவார்கள். பள்ளிக்கூடப் படிப்பை முடிக்காதவர்கள்தான் பலரும். ஒரு செய்தியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை நான் அந்தத் திண்ணையில்தான் கற்றேன். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாட்களில் எங்கள் தெருவில் ஒரு டிவியும் அணைக்கப்படவில்லை.

டெக் (வீடியோ கேசட் கருவி) எடுத்துப் படம் பார்த்தது உண்டா?

உண்டு. கீழக்கரையில் சபுராளிகள் (வெளிநாடு போய்ப் பிழைக்கிறவர்கள்) அதிகம். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்கள் கலர் டிவியும் டெக்கும் கொண்டுவந்தார்கள். கல்யாண வீட்டில் டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் போடுவார்கள். முதல் படம் பெரியவர்களுக்கு, மூன்றாவது பையன்களுக்கு. இரண்டாவது படம் முடிவதற்குள் பாதிப் பேர் பாயில் உருண்டு தூங்கிவிடுவார்கள்.

‘ராமாயணம்’ தொடரை எல்லோரும் பார்த்தீர்களா?

பார்த்தோம். 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை, ஞாயிறு காலையில். இந்திதான். ஆனால் கதை தெரியாதவர் யார்? சேது கட்டுகிற கதை நடந்த கரை என்று நம்புகிற மண்ணில் அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எங்கள் தெருவில் முஸ்லிம் வீட்டு டிவியில் எல்லோரும் சேர்ந்தேதான் பார்த்தோம்.

உப்புக்காற்றில் டிவி தாங்கியதா?

சிரமம்தான். ஆண்டெனாவில் வயர் சேரும் இடத்தில் செம்பு பச்சை பூத்துவிடும். இரும்புப் பிடி துருப்பிடித்து இறுகிக்கொண்டால் குழாயைத் திருப்பவே முடியாது, கிரீஸ் தடவி வைக்க வேண்டும். பெட்டிக்குள்ளேயும் உப்பு படியும். வாடைக்காற்றும் மழையுமான ராத்திரியில் டிவியைப் போட்டால் பின்பக்கம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்கும், ஒரு மாதிரி நெடி வரும். படக்குழாய்க்குப் போகும் உயர் மின்னழுத்தம் ஈரத்தில் கசிகிறது என்று அர்த்தம். உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். அவர் வந்து உப்பைத் துடைத்து, ஸ்பிரிட் போட்டுக் கழுவி, காயவைத்துத் தருவார். கோடைக்காலத்தில் எங்கள் ஊர் மெக்கானிக்குக்கு அவ்வளவாக வேலை இருக்காது. கார்த்திகை, மார்கழியில் அவரைப் பிடிக்கவே முடியாது.

இந்த இரண்டு கரை டிவி எப்போது முடிந்தது?

ஒரே நாளில் முடியவில்லை. 1990 ஜூலையில் நடந்த போரில் கொக்காவில் நிலையம் அழிந்தது. அதன் பிறகு கிழக்கிலிருந்து வரும் படம் பிதுருதலாகலையையும் கடல் காற்றையும் நம்பியதாகிவிட்டது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது, தெருவுக்குத் தெரு கேபிள் வந்தது. ஆண்டெனாவைத் திருப்ப யாருக்கும் தேவை இல்லாமல் போயிற்று. 1995-ல் ராமேஸ்வரத்தில் தூர்தர்ஷனின் 323 மீட்டர் கோபுரம் எழுந்தது. நாட்டிலேயே உயரமான கோபுரம் அது. எங்களுக்குப் படம் தெளிவாகக் கிடைக்கிற அந்தக் கோபுரம் வந்து சேர்ந்தபோது ஊர் கேபிளுக்கு மாறியிருந்தது. பத்து வருடம் முன்னால் வந்திருக்க வேண்டியது என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

இப்போது ஒரு பழைய ஆண்டெனாவை ஏற்றினால் இலங்கை எடுக்குமா?

கொக்காவிலில் 174 மீட்டர் உயரத்தில் புதிய கோபுரம் கட்டி 2011 ஜூனில் திறந்திருக்கிறார்கள். கடலும் காற்றும் மாறவில்லை. ஆகவே அலை வருவதற்கான காரணங்கள் எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. பழைய டிவியும் நல்ல ஆண்டெனாவும் வைத்திருப்பவர்கள் காற்று இல்லாத ஒரு பங்குனி ராத்திரியில் கிழக்கே திருப்பிப் பார்க்கலாம். நம் பக்கத்தில் தூர்தர்ஷனின் பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பு 2022-க்குள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டதால், வடமேற்கே திருப்புவதில் பயன் இருக்காது.

இதையெல்லாம் பதிவு செய்ய ஆசை. யாரிடம் என்ன கேட்கலாம்?

முதலில் டிவி மெக்கானிக்குகளைப் பிடியுங்கள். எந்த வீட்டுக்கு எந்தப் பெட்டி முதலில் வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். “என்ன நிகழ்ச்சி பார்த்தீங்க?” என்று கேட்டால் ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். “யார் வீட்டில் பார்த்தீங்க, எங்கே உட்கார்ந்தீங்க, ஆண்டெனாவை யார் திருப்பினாங்க?” என்று கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள். மண்டபம் முகாமில் இருந்தவர்களிடம் கேட்கும்போது அவர்கள் நிறுத்துகிற இடத்தில் நீங்களும் நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய வீடுகளை இடிக்கிறார்கள் என்று தெரிந்தால் முதல் வேலையாக மாடிக்கு ஏறி, கைப்பிடிச்சுவரில் சுண்ணாம்புக் கோடு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். திசையையும் குறித்துக்கொள்ளுங்கள்.